புயலுக்கு முன் எடுத்த முடிவை எப்படி எடைபோடுவது?

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் தென்கரையை ‘ஹரிகேன்’ எனப்படும் பெரும்புயல்கள் ஆண்டுதோறும் அச்சுறுத்துகின்றன. புயல் கரைக்கு வருவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் அந்த ஊர்த் தலைவர்கள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மக்களை ஊரைவிட்டுப் போகச் சொல்வதா, வீட்டிலேயே இருக்கச் சொல்வதா? அந்த முடிவை எடுத்தவர்களை நாம் எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நம்முடைய தீர்ப்புகள் பெரும்பாலும் தவறான அளவுகோலில் எழுதப்படுகின்றன. அதன் விலையை அடுத்த புயலில் யாரோ உயிரால் கொடுக்கிறார்கள். அதனால்தான் இதைப் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரிலிருந்து தொடங்குகிறேன். 2005 செப்டம்பரில் ரீட்டா என்ற புயல் மெக்சிகோ வளைகுடாவில் உருண்டு திரண்டு, அந்தக் கடல் கண்ட மிகக் கடுமையான புயல்களில் ஒன்றாக வளர்ந்தது. கத்ரீனா என்ற புயல் அண்டை மாநிலமான லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்து மூன்று வாரங்கள்தான் ஆகியிருந்தன. வெள்ளத்தில் மிதந்த உடல்களைத் தொலைக்காட்சியில் பார்த்த மக்கள் நடுங்கிப்போயிருந்தார்கள். கடலோரத்தில் இருக்கும் கால்வெஸ்டன் தீவையும் தாழ்வான பகுதிகளையும் காலி செய்யச் சொன்னார்கள். ஆனால் போகச் சொல்லப்படாதவர்களும் கிளம்பினார்கள். 25 லட்சம் பேருக்கும் மேல் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தார்கள். 100 மைல் நீளத்துக்கு வண்டிகள் நின்றன. கொளுத்தும் வெயில். பெட்ரோல் தீர்ந்து கார்கள் வழியிலேயே நின்றுவிட்டன. முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து முதியவர்களை ஏற்றிச் சென்ற பேருந்து டாலஸ் அருகே தீப்பிடித்தது. அவர்களுக்காக வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர்கள் வெடித்தன. 23 பேர் இறந்தார்கள். அந்தப் புயலை ஒட்டி டெக்சஸில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காற்றோ வெள்ளமோ அல்ல, வெளியேற்றம். புயலோ கிழக்கே திரும்பி, டெக்சஸ்–லூசியானா எல்லையில் கரையேறியது. ஹூஸ்டன் ஏறக்குறையத் தப்பிவிட்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்டில், அதே ஹூஸ்டனை ஹார்வி புயல் நெருங்கியது. மேயர் சில்வெஸ்டர் டர்னர் ஊரைக் காலி செய்யச் சொல்லவில்லை. மாநில ஆளுநர் கிரெக் ஆபட், உத்தரவு வராவிட்டாலும் மக்கள் கிளம்புவதைப் பற்றித் தீவிரமாக யோசிக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். மேயரும், ஹாரிஸ் கவுண்டியின் தலைவரான எட் எம்மெட்டும் வீட்டிலேயே இருங்கள் என்றார்கள். கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்றது. பிறகு மழை கொட்டியது. டெக்சஸில் ஓரிடத்தில் 60 அங்குலத்துக்கும் மேல் பதிவானது. ஹூஸ்டன் தெருக்கள் ஆறுகளாயின. மக்கள் கூரை மேல் ஏறி நின்றார்கள். “ஏன் எங்களைப் போகச் சொல்லவில்லை?” என்ற கோபம் மேயர் மீது திரும்பியது.

போகச் சொன்னபோதும் பழி, இருக்கச் சொன்னபோதும் பழி. அப்படியானால் தலைவர்களை யாரும் கேள்வியே கேட்கக் கூடாதா? அப்படியல்ல. கேட்டே ஆக வேண்டும். ஆனால் சரியான கேள்வியைக் கேட்க வேண்டும்.

1988-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் பாரன், ஜான் ஹெர்ஷி என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருத்துவர் ஒருவர் எடுத்த முடிவை மக்களிடம் விவரித்தார்கள். நோயாளியின் நிலை, ஆபத்தின் அளவு எல்லாம் ஒன்றே. ஒரு விவரிப்பில் நோயாளி பிழைக்கிறார், மற்றொன்றில் இறந்துவிடுகிறார். நோயாளி பிழைத்தபோது மருத்துவரின் முடிவு நல்ல முடிவு என்றார்கள். இறந்தபோது அதே முடிவைக் குறைத்து மதிப்பிட்டார்கள். மருத்துவருக்கு முடிவெடுக்கும் நேரத்தில் தெரிந்தது இரண்டிலும் ஒன்றுதான். விளைவை வைத்து முடிவை அளக்கும் பழக்கம் மனித மனத்தில் அவ்வளவு ஆழமாக ஊறிக் கிடக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டால், அவன் செய்தது சரியென்று ஆகிவிடுமா? ஆகாது என்று நமக்குத் தெரியும். ஆனால் புயல் விஷயத்தில் இதை மறந்துவிடுகிறோம்.

எனவே நான் நான்கு கேள்விகளை முன்வைக்கிறேன். முடிவெடுத்த நேரத்தில் அந்தத் தலைவரின் கையில் இருந்த செய்தி என்ன? தன் ஊருக்கென்று முன்கூட்டியே எழுதிவைத்த திட்டத்தை அவர் பின்பற்றினாரா? சொந்தமாகக் கிளம்ப முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்தார்? மக்களிடம் உண்மையைத் தெளிவாகச் சொன்னாரா? புயல் எந்தப் பக்கம் போனது என்பது இந்த நான்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு தலைவருக்கு முன்னால் உள்ள கணக்கு எப்படிப்பட்டது என்பதைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். ஒரு பகுதியைக் காலி செய்ய எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒவ்வொரு கடலோரக் கவுண்டியும் கணக்கிட்டு வைத்திருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் வட்டாரத்தை முழுமையாகக் காலி செய்ய 72 மணி நேரம், அதாவது மூன்று முழு நாட்கள் வேண்டும். ஆனால் மூன்று நாட்களுக்கு முன்பு புயல் எங்கே கரையேறும் என்பதை வானிலை அறிவியல் துல்லியமாகச் சொல்ல முடியாது. தேசியப் புயல் மையம் வெளியிடும் கூம்பு வடிவ வரைபடத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். புயலின் மையம் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் அந்தக் கூம்புக்குள் செல்லும் என்பதுதான் அதன் பொருள். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் அது கூம்பைத் தாண்டியும் போகலாம். புயலின் அகலத்தையோ கடல்நீர் எவ்வளவு தூரம் ஊருக்குள் புகும் என்பதையோ அந்தப் படம் காட்டாது. ஆக, சாலைகள் கேட்கும் நேரம் ஒன்று, அறிவியல் உறுதிசொல்லும் நேரம் வேறொன்று. முதலாவது முன்னால் வருகிறது. உறுதி வரட்டும் என்று காத்திருப்பவருக்கு நேரம் கையை விட்டுப் போய்விடும்.

உத்தரவு என்றால் காவலர் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். “கட்டாய வெளியேற்றம்” என்று அறிவித்தாலும் அங்கே பெரும்பாலும் யாரையும் பலவந்தமாக அகற்றுவதில்லை. நீ தங்கினால் உன்னைக் காப்பாற்ற யாரும் வர முடியாமல் போகலாம் என்பதே அதன் உண்மையான பொருள். 2017-இல் டெக்சஸின் ராக்போர்ட் என்ற சிற்றூரில், தங்கியே தீருவேன் என்பவர்கள் தங்கள் பெயரையும் அடையாள எண்ணையும் அழியாத மையால் கையில் எழுதிக்கொள்ளும்படி ஊர்ப் பொறுப்பாளர் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளின் பொருள் ஒரு குழந்தைக்கும் புரியும்.

இப்போது கத்ரீனாவுக்கு வருகிறேன். 2005 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை காலை 6 மணி அளவில் அந்தப் புயல் லூசியானாவில் கரையேறியது. அதற்கு 56 மணி நேரம் முன்பு, வெள்ளிக்கிழமை இரவே, தேசியப் புயல் மையத்தின் கணிப்பு கிட்டத்தட்டச் சரியான இடத்தைக் காட்டிவிட்டது. சனிக்கிழமை காலை அக்கம்பக்கத்துப் பகுதிகளான பிளாக்மின்சும் செயின்ட் சார்ல்சும் கட்டாய வெளியேற்றத்தை அறிவித்தன. நியூ ஆர்லியன்ஸ் மேயர் ரே நேகின் அன்று, விருப்பமுள்ளவர்கள் கிளம்பலாம் என்ற அளவில் நின்றுகொண்டார். அன்றிரவு புயல் மையத்தின் இயக்குநர் மாக்ஸ் மேஃபீல்ட் அவரைத் தொலைபேசியில் அழைத்து நிலைமையின் கடுமையைச் சொன்னார். ஞாயிறு காலையில்தான் கட்டாய உத்தரவு வந்தது. கரையேற ஏறத்தாழ 20 மணி நேரமே பாக்கி. ஆக, முதல் கேள்விக்கு விடை அவருக்கு எதிராகவே இருக்கிறது. செய்தி இருந்தது, பக்கத்து ஊர்கள் அதே செய்தியைக் கொண்டு முடிவெடுத்தன, அவர் ஓர் இரவு தாமதித்தார்.

ஆனால் என்னைக் கேட்டால், அந்தத் தாமதம் அவருடைய பெரிய குற்றமல்ல. அந்த வட்டாரத்தில் 10 லட்சம் பேருக்கும் மேல் உரிய நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். நெடுஞ்சாலையின் இரு பக்கங்களையும் ஒரே திசைக்குத் திருப்பிவிட்ட ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. கார் வைத்திருந்தவர்கள் போனார்கள். தங்கிவிட்டவர்கள் யார்? நகரத்தில் நான்கில் ஒரு குடும்பத்துக்கு மேல் கார் இல்லை. மாதக் கடைசி, கையில் பணமில்லை. விடுதி வாடகைக்கும் வழிச்செலவுக்கும் எங்கே போவது? நடக்க முடியாத தாயை விட்டுவிட்டு மகள் எப்படிக் கிளம்புவாள்? லூசியானாவில் இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 75 வயதைக் கடந்தவர்கள். யார் சிக்கிக்கொள்வார்கள் என்பது புயல் வந்த பிறகு தெரிந்ததல்ல. ஓராண்டுக்கு முன்பு, 2004 ஜூலையில், ‘பாம்’ என்று பெயரிட்ட கற்பனைப் புயலை வைத்து மத்திய, மாநில, உள்ளூர் அதிகாரிகள் ஒன்றுகூடி ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஊர் மூழ்கும், வாகனமில்லாதவர்கள் சிக்கிக்கொள்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் பேருந்துகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் உறுதியான ஏற்பாடு இல்லை. பள்ளிப் பேருந்துகள் வரிசையாகத் தண்ணீரில் மூழ்கி நின்ற படத்தை உலகமே பார்த்தது. 20,000-க்கும் மேற்பட்டோர் சூப்பர்டோம் விளையாட்டரங்கில் மின்சாரமும் கழிப்பிட வசதியும் இல்லாமல் நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

மேயரை மட்டும் குறைசொல்லி நிறுத்திக்கொள்வதும் நேர்மையாகாது. நகரத்தின் 80 விழுக்காட்டை மூழ்கடித்தது உடைந்த கரைச்சுவர்கள். அவற்றை வடிவமைத்துக் கட்டியது மத்திய அரசின் ராணுவப் பொறியாளர் படை. மத்திய அரசின் பேருந்துகள் வந்து சேர நாட்கள் பிடித்தன. பின்னாளில் நேகின் ஊழல் வழக்கில் 10 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார் என்பதும் உண்மை. ஆனால் அது வேறு கணக்கு. அதைக் கொண்டுவந்து கத்ரீனாவுக்கான தீர்ப்பில் கலக்கக் கூடாது. ஏழைகளை ஏற்றிச்செல்ல ஏற்பாடில்லாத ஒரு நகரத்தின் தலைவராக அந்த வாரத்துக்குள் அவர் நுழைந்தார் என்பதே அவர்மீது நான் சொல்லும் குற்றம். அது அவர் பதவியேற்ற 2002-லிருந்தே அவருடைய பொறுப்பு.

அதே மனிதர் 2008-இல் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குஸ்தாவ் புயல் வந்தபோது அவர் கடும் சொற்களில் எச்சரித்தார். தெற்கு லூசியானாவிலிருந்து ஏறக்குறைய 20 லட்சம் பேர் கிளம்பினார்கள். சொந்த வாகனமில்லாத ஏறக்குறைய 18,000 பேரை நகர நிர்வாகம் பேருந்திலும் ரயிலிலும் ஏற்றி அனுப்பியது. புயல் பயந்த அளவுக்கு இல்லை. நகரமும் மூழ்கவில்லை. உடனே, தேவையில்லாமல் மிகைப்படுத்திவிட்டார் என்று முணுமுணுத்தார்கள். நான் சொல்கிறேன்: கத்ரீனாவில் தவறியவர், குஸ்தாவில் சரியாகச் செய்தார். கார் இல்லாதவனுக்கும் ஓர் இருக்கை ஒதுக்கப்பட்டிருந்த அந்தப் பேருந்துகளே அதற்குச் சாட்சி. இன்று அந்த நகரத்தில் 17 இடங்களில் கையுயர்த்தி வண்டியை நிறுத்தும் மனித உருவச் சிலைகள் நிற்கின்றன. கட்டாய வெளியேற்றம் அறிவிக்கப்பட்டதும் அந்தச் சிலையருகே போய் நின்றால் பேருந்து வந்து ஏற்றிச் செல்லும். மக்கள் அன்றாடம் கடந்துபோகும் இடத்தில் திட்டத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி நிறுத்தி வைத்திருப்பது பாராட்டத்தக்கது.

அடுத்தது ஃபுளோரிடாவின் லீ கவுண்டி. 2022 செப்டம்பர் 28, புதன்கிழமை பிற்பகல் 3 மணி அளவில் இயன் புயல் அங்குள்ள கயோ கோஸ்டா தீவில் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையேறியது. ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில் கடல் 10 முதல் 15 அடி உயரத்துக்கு எழுந்து வீடுகளை அடித்துச் சென்றது. முந்தைய நாட்களில் கணிப்பின் நடுக்கோடு வடக்கே தம்பா நகரத்தைக் காட்டியது. அதனால்தான் காத்திருந்தோம் என்று கவுண்டி ஆணையர்கள் சொன்னார்கள். ஆளுநர் ரான் டிசான்டிஸும் அவர்களுக்கு ஆதரவாகப் பேசினார். இந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கடல்நீர் ஆறடிக்கு மேல் புகுவதற்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே தாழ்ந்த பகுதியைக் காலி செய்ய வேண்டும் என்று அந்தக் கவுண்டியே தன் திட்டத்தில் எழுதிவைத்திருந்தது. ஞாயிறு இரவே கணிப்பு அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. திங்கட்கிழமை அடுத்த வீட்டுக்காரரான சார்லட் கவுண்டி உத்தரவிட்டது. தம்பா அமைந்துள்ள ஹில்ஸ்பரோவும் உத்தரவிட்டது. லீ கவுண்டி செவ்வாய் காலையில்தான் உத்தரவிட்டது. 

இயன் புயலின் நேரடித் தாக்குதலில் இறந்த 66 பேரில் பெரும்பகுதியினரைக் கொன்றது கடல்நீர். அவர்களில் பெரும்பாலோர் லீ கவுண்டியைச் சேர்ந்தவர்கள். உத்தரவு ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உத்தரவு வந்த பிறகும் பலர் தங்கினார்கள். ஆனால் கிளம்ப நினைத்த முதியவர் ஒருவருக்குப் பகல் வெளிச்சம் ஒரே நாள்தான் மிச்சமிருந்தது. அமைதியான காலத்தில், நிதானமாக உட்கார்ந்து, நிபுணர்களைக் கேட்டு எழுதிய விதி அது. பதற்றம் வரும்போது மனம் நம்மை ஏமாற்றும் என்று தெரிந்துதான் அப்படியொரு விதியை எழுதிவைக்கிறார்கள். அந்த விதியைப் பதற்றத்தின்போது கைவிட்டதுதான் லீ கவுண்டியின் பிழை.

இதில் இன்னொரு வேதனை இருக்கிறது. 2004-இல் சார்லி என்ற புயலும் தம்பாவுக்குப் போகும் என்று கணிக்கப்பட்டு, கடைசி நேரத்தில் வலப்புறம் திரும்பி, இதே கயோ கோஸ்டாவில்தான் கரையேறியது. நடுக்கோட்டை நம்பாதே என்ற பாடத்தை அந்தக் கரை பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே படித்திருந்தது. ஆனால் சார்லி சிறிய புயல். விரைந்து கடந்துவிட்டது, கடலைப் பெரிதாக ஊருக்குள் தள்ளவில்லை. சார்லியைத் தாங்கிய வீடு எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை அதைக் கண்டவர்களுக்கு எளிதில் வரும். அந்த நம்பிக்கையை உடைத்துச் சொல்வது தலைவர்களின் வேலை.

இப்போது ஹார்விக்குத் திரும்புகிறேன். டர்னர் செய்தது சரியா? சரி என்பதே என் தீர்ப்பு. ஹார்வி ஹூஸ்டனில் கரையேறவில்லை. தென்மேற்கே வெகுதொலைவில், ராக்போர்ட் அருகே கரையேறியது. ஹூஸ்டனுக்கு வந்தது நாள்கணக்கில் நின்று பெய்த மழை. கடல்நீர் எங்கே புகும் என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் குறிக்கலாம். மழைநீர் அந்தப் பரந்த சமவெளியில் எந்தத் தெருவை மூழ்கடிக்கும் என்பதை அப்படிக் குறிக்க முடியாது. வெளியேறச் சொன்னால் எல்லோரையும் சொல்ல வேண்டும். லட்சக்கணக்கான வண்டிகள் சாலைகளில் நின்றிருக்கும்போது மழை கொட்டினால்? அந்த நகரத்தில் மழைக்காலத்தில் முதலில் மூழ்குவது சாலைகள்தான். காருக்குள் சிக்கி இறப்பது அங்கே வெள்ளச் சாவுகளில் வழக்கமாக நடப்பது. ஹார்வியில் டெக்சஸ் மாநிலம் முழுதும் நேரடியாக 68 பேர் இறந்தார்கள். ஒவ்வோர் உயிரும் பெரிதுதான். ஆனால் ரீட்டாவின் சாலைகளையும் ஹார்வியின் மழையையும் ஒன்றாக வைத்து எண்ணிப் பாருங்கள்.

ஹூஸ்டன் தலைவர்களைக் குற்றம் சொல்ல வேறோர் இடம் உண்டு. 1940-களில் கட்டிய அடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு வெள்ளத் தடுப்பு அணைகளுக்குப் பின்னால், தண்ணீர் தேங்குவதற்கென்று விடப்பட வேண்டிய நிலத்திலேயே ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பின. அனுமதி கொடுத்துக் கொடுத்துப் பல ஆண்டுகளில் விளைந்த தவறு அது. ஹார்வியில் அந்த வீடுகள் மூழ்கின. நிரம்பிய நீரைத் திறந்துவிட்டபோது கீழே இருந்த வீடுகளும் மூழ்கின. ஆகஸ்ட் 25-ஆம் தேதி எடுத்த முடிவை மட்டும் விசாரிப்பவர்களுக்கு இந்தப் பழைய குற்றம் கண்ணில் படாது.

நியூ ஆர்லியன்சில் 2021-இல் நடந்ததும் நம் கவனத்துக்குரியது. ஐடா புயல் ஒரு வியாழக்கிழமை உருவாகி, ஞாயிற்றுக்கிழமையே மணிக்கு 240 கிலோமீட்டர் காற்றோடு கரைக்கு வந்துவிட்டது. முழு வெளியேற்றத்துக்கு 72 மணி நேரம் இல்லை என்று மேயர் லடோயா கான்ட்ரெல் வெளிப்படையாகச் சொன்னார். கரைச்சுவருக்கு வெளியே இருந்தவர்களுக்கு மட்டும் கட்டாய உத்தரவு, மற்றவர்களுக்குத் தங்குங்கள் அல்லது உடனே கிளம்புங்கள் என்ற அறிவுரை. கத்ரீனாவுக்குப் பின் 1,400 கோடி டாலருக்கும் மேல் செலவழித்துக் கட்டிய புதிய தடுப்புகள் தாங்கின. நகரம் மூழ்கவில்லை. ஆனால் மின்சாரம் போனது போனதுதான். நாள்கணக்கில் வரவில்லை. அந்த ஆகஸ்டு, செப்டம்பர் வெப்பத்தில், மாடி வீடுகளில் தனியாக இருந்த முதியவர்கள் வெக்கையில் இறந்தார்கள். இருக்கச் சொல்வதும் ஒரு முடிவுதான். அதற்கும் ஒரு திட்டம் வேண்டும். மின்சாரம் போனால் குளிர்ந்த இடத்துக்கு யாரைக் கூட்டிப்போவது, யார் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பது என்ற பட்டியல் வேண்டும். முடிவு சரியாக இருந்து, அதைத் தாங்கும் ஏற்பாடு இல்லாவிட்டாலும் மக்கள் சாவார்கள் என்பதை ஐடா காட்டியது.

நான்காவது கேள்வி, சொல்லும் சொல் பற்றியது. 2024 அக்டோபரில் மில்டன் புயல் தம்பாவை நோக்கி வந்தபோது மேயர் ஜேன் காஸ்டர், வெளியேறச் சொன்ன பகுதிகளில் தங்கினால் செத்துப்போவீர்கள் என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொன்னார். மக்கள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பினார்கள். புயல் சற்றுத் தெற்கே விலகி சியெஸ்டா கீ என்ற இடத்தில் கரையேறியது. காற்று எதிர்த்திசையில் வீசியதால், தம்பா விரிகுடாவில் தண்ணீர் ஏறுவதற்குப் பதிலாக உள்வாங்கியது. அவர் பயமுறுத்தினார் என்று இப்போது சொல்வது சுலபம். சில மைல் வடக்கே போயிருந்தால் கதை வேறாகியிருக்கும். அவர் கையில் இருந்த செய்தியின்படி அவர் சொன்ன சொல் சரியான சொல். பூசி மெழுகிய பேச்சைக் கேட்டு யாரும் படுக்கையிலிருந்து எழுந்து மூட்டை கட்டுவதில்லை.

ஒருமுறை பயமுறுத்தி ஒன்றும் நடக்காவிட்டால் மறுமுறை யாரும் கேட்க மாட்டார்கள் என்ற அச்சம் எல்லாத் தலைவர்களுக்கும் உண்டு. 1996-இல் கரோலினா கரையை இரண்டு புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கிய பிறகு, கிர்ஸ்டின் டவ், சூசன் கட்டர் என்ற இரு புவியியலாளர்கள் மக்களிடம் இதைக் கேட்டு ஆராய்ந்தார்கள். முந்தைய எச்சரிக்கை வீணானதால் இம்முறை தங்கினோம் என்பது பெரிய காரணமாக இருக்கவில்லை. மக்கள் நாம் நினைப்பதைவிடப் பொறுமைசாலிகள். ஏன் சொன்னோம், எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று நேர்மையாக விளக்கினால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

இதுவரை தலைவர்களைப் பற்றிப் பேசினேன். இனி நம்மைப் பற்றி. 2009-இல் ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தேர்தல் முடிவுகளையும் பேரிடர்ச் செலவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பேரிடருக்குப் பின் நிவாரணம் கொடுத்த ஆட்சிக்கு வாக்காளர்கள் வாக்களித்தார்கள். பேரிடருக்கு முன் தயாரிப்புக்காகச் செலவழித்த ஆட்சிக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தயாரிப்பில் போட்ட ஒரு டாலர், பின்னால் வரும் சேதத்தில் ஏறக்குறைய 15 டாலரை மிச்சப்படுத்துகிறது என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். மக்கள் எதற்குக் கைதட்டுகிறார்களோ அதையே தலைவர்கள் செய்வார்கள். வெள்ளத்தில் படகேறி வந்து சோற்றுப் பொட்டலம் கொடுப்பவரை நாம் கொண்டாடுகிறோம். அந்தப் படகே தேவைப்படாதபடி முந்தைய ஆண்டில் பேருந்துப் பட்டியல் போட்டவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நம் கரையிலும் இதே கேள்விகள் எழும். வங்கக் கடலில் எழும் புயலும் மெக்சிகோ வளைகுடாவில் எழும் ஹரிகேனும் ஒரே வகைப் புயல்கள்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுவதற்கு முன்பே 80,000-க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். இங்கே அந்த முடிவு மாவட்ட ஆட்சியரின் மேசையில் எடுக்கப்படுகிறது. புயல் விலகிப்போன மறுநாள், “அநியாயமாக எங்களை அலைக்கழித்துவிட்டார்” என்று அவரைத் திட்டுவதற்கு முன் ஒரு கணம் நில்லுங்கள். அதேபோல், புயல் விலகிவிட்டது என்பதற்காக, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவரைப் பாராட்டிவிடாதீர்கள்.

முடிவாக, என் தீர்ப்புகளை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2005-இல் நியூ ஆர்லியன்ஸ் தவறியது, தாமதத்தைவிட ஏழைகளை மறந்ததில் அதிகமாகத் தவறியது. லீ கவுண்டி தன் விதியையே தான் மீறித் தவறியது. ரீட்டாவில் கால்வெஸ்டனைக் காலி செய்யச் சொன்னது சரி, போக வேண்டாதவர்களை வீட்டில் நிறுத்திவைக்கத் தவறியதும் சாலைகளைத் தயார்செய்யத் தவறியதும் பிழை. ஹார்வியில் டர்னர் சரி, குஸ்தாவில் நேகின் சரி, மில்டனில் காஸ்டர் சரி. இவற்றில் சிலவற்றில் ஊர் மூழ்கியது, சிலவற்றில் மூழ்கவில்லை. அது என் தீர்ப்பை மாற்றவில்லை.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. புயலில்லாத மாதங்களில் உங்கள் ஊர்த் தலைவரிடமும் அதிகாரியிடமும் போய்க் கேளுங்கள். எங்கள் தெருவில் நடக்க முடியாதவர்கள் யார் யார் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? அவர்களை ஏற்றிச்செல்ல வண்டி எது, ஓட்டுநர் யார்? எந்த அளவு எச்சரிக்கை வந்தால் உத்தரவு போடுவீர்கள் என்று எழுதிவைத்திருக்கிறீர்களா? விடை சொல்பவருக்கு ஆதரவு கொடுங்கள். விடை இல்லாதவரை, புயல் வரும்வரை காத்திராமல், இப்போதே பொறுப்பாக்குங்கள்.